பியூர் டேட்டாவில் வாத்தியம் செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பியூர் டேட்டா, கணினியில் ஒலியையும் வாத்தியங்களையும் உருவாக்கும் மென்பொருள். திரையில் பெட்டிகளை வைத்து ஒயர் இழுத்தால் ஒலி வந்துவிடும். பியூர் டேட்டாவில் ஆரம்பம் அவ்வளவு சுலபம். மில்லர் பக்கெட் 1980களின் நடுவில் பாரிஸின் இர்காம் இசை ஆராய்ச்சி மையத்தில் மேக்ஸ் மென்பொருளை எழுதினார். 1996இல் பியூர் டேட்டாவை எழுதி இலவசமாகவே கொடுத்தார். இரண்டிலும் திரையில் இருக்கும் படம்தான் புரோகிராம். ஆனால் எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் படம் காட்டும். எது முதலில் ஓடுகிறது, எவ்வளவு தாமதித்து ஓடுகிறது என்பது அதில் தெரியாது. புதிதாக வாத்தியம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தத் தெரியாத பகுதியில்தான்.

முதல் உதாரணம், ஒரே பெட்டியிலிருந்து இரண்டு ஒயர் இழுப்பது. ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண் பெட்டியிலிருந்து பெருக்கல் பெட்டியின் இரண்டு இன்லெட்டுக்கும் (உள்வாயிலுக்கும்) ஒயர் கொடுப்போம். இடது இன்லெட்டுக்கு எண் வந்தால்தான் பெருக்கல் நடக்கும். வலது இன்லெட் வந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வதோடு சரி. இடது ஒயரை முதலில் இழுத்திருந்தால் புது எண்ணைப் பழைய எண்ணால் பெருக்கிய விடைதான் வரும். எந்த ஒயரை முதலில் இழுத்தோம் என்பது திரையில் எங்கும் இருக்காது. மேக்ஸில் இது வேறு மாதிரி: வலப்பக்கம் இருக்கும் பெட்டிக்கு முதலில் செய்தி போகும், அதனால் அழகுக்காக ஒரு பெட்டியை நகர்த்தினாலே விடை மாறலாம். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். ஒரு பெட்டியிலிருந்து ஒன்றுக்கு மேல் ஒயர் கிளம்பினால் நடுவில் ‘டிரிக்கர்’ ஒன்றைப் போடுங்கள். அது எப்போதும் வலமிருந்து இடமாகவே அனுப்பும். தேவையில்லாத இடத்திலும் போட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது ‘டிக்’ சத்தம். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும். பெயரில் டில்டே (~) குறி உள்ள பெட்டிகள் ஒலியை 64 சாம்பிள் (அலையின் ஒரு கணத்து அளவு ஒரு சாம்பிள்) கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகின்றன. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு கட்டு சுமார் 1.45 மில்லிசெகண்ட். டில்டே இல்லாத பெட்டிகளின் செய்திகள் இரண்டு கட்டுகளுக்கு நடுவில் வேலை செய்கின்றன. ஒலியளவை 0இலிருந்து 1க்கு ஒரே செய்தியில் மாற்றினால் அலை அந்த இடத்தில் செங்குத்தாகத் தாவும். அந்தத் தாவல்தான் டிக். பலர் இதைச் சரிசெய்ய, எண்ணைப் படிப்படியாக மாற்றும் ‘லைன்’ போடுவார்கள், டில்டேயை விட்டுவிடுவார்கள். டில்டே இல்லாத லைன் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் எண் தரும், அதனால் ஒரு பெரிய டிக்குக்குப் பதில் பல சின்ன டிக்குகள் கேட்கும். ‘லைன்~’ அல்லது ‘வீலைன்~’ வைத்து 5 முதல் 10 மில்லிசெகண்டில் ஏற்றி இறக்குங்கள்.

அப்படியும் வேகமாக வாசித்தால் டிக் வரும். பழைய ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புது ஸ்வரம் அதே இடத்தைப் பிடிப்பதுதான் காரணம். ஒலியளவை முதலில் 5 மில்லிசெகண்டில் பூஜ்யத்துக்கு இறக்கி, அதன் பிறகு சுருதியை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். சுருதி மாற்றத்தையும் அந்த 5 மில்லிசெகண்ட் தள்ளிவைக்க வேண்டும் என்பது பலருக்கும் விட்டுப்போகிறது.

இனி தந்தி. மீட்டும் வாத்தியம் செய்ய நினைக்கிறவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸாண்டர் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறை. சிறிது இரைச்சலை ஒரு டிலே லைனுக்குள் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தரும் நினைவகத்துக்குள்) விடுவார்கள். வெளியே வருவதை லேசாக மழுக்கி மறுபடி உள்ளே அனுப்புவார்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுருதியைத் தீர்மானிக்கும். நான்கைந்து பெட்டிகளில் உண்மையான தந்தி போலவே ஒலிக்கும். ஆச்சரியமான விஷயம்தான். மேல் ஸ்வரங்களுக்குப் போனால்தான் வம்பு தொடங்கும்.

வெளியே வரும் ஒலியை நேராகவே உள்ளே இணைத்தால் பியூர் டேட்டா ஏற்காது, சுழற்சி இருக்கிறது என்று பிழை காட்டும். அதனால் டிலே லைனில் எழுதும் ‘டெல்ரைட்~’, அதைப் படிக்கும் ‘டெல்ரீட்~’ ஜோடி வழியாகப் போக வேண்டும். இந்த வழியில் ஒரு சுற்று ஒரு கட்டின் நீளத்தை விடக் குறைவாக இருக்க முடியாது. 64 சாம்பிள் என்றால் சுமார் 689 ஹெர்ட்ஸ். வெஸ்டர்ன் கணக்கில் நடு ஸி-க்கு அடுத்த ஆக்டேவில் இ வரை சரியாகப் போகும், எஃப்-இலிருந்து எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே சுருதி. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம்கூட வரும். தீர்வு: தந்தியை மட்டும் தனி சப்பேட்சில் (பெட்டிகளால் ஆன புரோகிராம் பேட்ச், அதற்குள் இருப்பது சப்பேட்ச்) வைத்து, கட்டை 8 சாம்பிளாகச் சுருக்க அதற்குள் ‘பிளாக்~ 8’ என்று போடுங்கள். ஜோடியின் இரண்டு பெட்டிகளும் அதே சப்பேட்சுக்குள் இருக்க வேண்டும். எல்லை கிட்டத்தட்ட 5,500 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். நேரே 1 என்று வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பிராசஸருக்கு அது வீண் சுமை.

எல்லை தீர்ந்ததும் காது இன்னொன்றைப் பிடிக்கும்: மேல் ஸ்வரங்கள் அபஸ்வரமாக இருக்கும். ‘டெல்ரீட்~’ முழு சாம்பிள்களாகத்தான் எண்ணும். 440 ஹெர்ட்ஸுக்கு 100.2 சாம்பிள் வேண்டும். 100 ஆக எடுத்துக்கொண்டால் 441 வரும், பரவாயில்லை. 1318.5 ஹெர்ட்ஸுக்கு 33.4 வேண்டும், 33 ஆக எடுத்தால் 1336, அதாவது 23 செண்ட் பிசகு. அரை ஸ்வரமே 100 செண்ட்தான். பின்னத்தையும் கணக்கில் எடுக்கும் ‘டெல்ரீட்4~’ பெட்டிக்கு மாறுங்கள். அப்புறம் மழுக்கும் ஃபில்டரும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சாம்பிள்களின் சராசரி எடுக்கும் வகையென்றால் அரை சாம்பிள். அதைக் கழிக்காவிட்டால் அதே 1318 ஹெர்ட்ஸில் 26 செண்ட் இறங்கி ஒலிக்கும்.

மறுபடி உள்ளே அனுப்பும்போது எந்த எண்ணால் பெருக்குகிறோம் என்பதும் முக்கியம். எல்லா ஸ்வரத்துக்கும் 0.99 என்று வைத்தால், 100 ஹெர்ட்ஸ் தந்தி ஒரு நொடி கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒலியளவோடு இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் தந்தி அதே நொடிக்குள் பத்து மடங்கு அதிகம் சுற்றி அடங்கிப்போகும். எத்தனை நொடி ஒலிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்த எண்ணைக் கணக்கிடுவதுதான் முறை. எண் தவறி 1ஐத் தாண்டினால் ஒலி நொடிகளில் வெடித்துப் பெருகும். சுழற்சிக்குள், எல்லை தாண்டும் ஒலியை வெட்டும் ஒரு ‘கிளிப்~’ போட்டுவிட்டு, சோதனை முடியும்வரை ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்து வைத்திருங்கள்.

இந்தத் தந்தியை வைத்துத் தம்புரா செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணத் தந்தி வரும், ஜீவாரி வராது. வளைந்த குதிரையின் மேல் நூல் கொடுத்த தந்தி உரசி உரசி விலகுவதால் பிறக்கும் நாதம் அது. அந்த உரசலையும் தனியாகச் செய்தாக வேண்டும். சுருதியிலும் கவனம் தேவை. மிடி எண்ணை (கீபோர்டு கட்டையின் வரிசை எண்ணை) ஹெர்ட்ஸாக மாற்றும் ‘எம்டாஃப்’ பெட்டி சம இடைவெளி கொண்ட 12 ஸ்வரங்களையே முழு எண்களுக்குத் தரும். அதில் வரும் அந்தர காந்தாரம், ஆதார ஸட்ஜத்தின் நாலுக்கு ஐந்து விகிதத்தில் நிற்கும் காந்தாரத்தைவிட 14 செண்ட் அதிகம். ஸட்ஜத்தை ஒரே இடத்தில் எண்ணாக வைத்து, மற்றவற்றை விகிதங்களாகப் பெருக்கி எடுங்கள். பாடுபவர் ஐந்து கட்டையிலிருந்து ஐந்தரைக்குப் போனால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். கமகம் வேண்டுமென்றால் ஹெர்ட்ஸை இழுக்காதீர்கள். பின்னமாகவும் வரும் மிடி எண்ணை ‘லைன்~’ வைத்து இழுத்து, பிறகு ‘எம்டாஃப்~’ வழியாக அனுப்புங்கள். அப்போதுதான் கீழேயும் மேலேயும் இழுப்பு ஒரே மாதிரி கேட்கும்.

ஒரு தந்தி நன்றாக வந்ததும் எட்டுப் பிரதி எடுப்பார்கள், எல்லாத் தந்தியும் ஒன்றாக உளறத் தொடங்கும். டிலே லைனுக்கு வைத்த பெயரும், ஒயரில்லாமல் செய்தி அனுப்பிப் பெறும் ‘சென்ட்’, ‘ரிசீவ்’ பெயர்களும் திறந்திருக்கும் எல்லாப் பேட்சுக்கும் பொது என்பதுதான் காரணம். பெயருக்கு முன்னால் டாலர் குறியும் பூஜ்யமும் ஒரு கோடும் சேர்த்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தனிப் பெயர் கிடைக்கும். ஆனால் மெசேஜ் பெட்டிக்குள் இது வேலை செய்யாது. அங்கே வெறும் 0 ஆகிவிடும்.

எட்டுத் தந்தியும் சேர்ந்தால் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டி ஒலி கரகரக்கும், அதனால் கடைசியில் குறைத்து அனுப்புங்கள். ஒலியளவு ஸ்லைடரை நேராக இணைக்காமல், டெசிபெல்லைப் பெருக்கும் எண்ணாக மாற்றும் ‘டிபிடுஆர்எம்எஸ்’ வழியாக விடுங்கள். பியூர் டேட்டா கணக்கில் 100 டெசிபெல் என்பது 1.

மிடியில், கட்டையை விட்டதைப் பல கீபோர்டுகள் ‘வேகம் 0’ என்றே அனுப்பும். அதை முன்கூட்டியே வடிகட்டிவிட்டால், ஸ்வரங்களைப் பிரதிகளுக்குப் பங்கிடும் ‘பாலி’ பெட்டிக்கு ஸ்வரம் முடிந்ததே தெரியாது. ‘ஃபேசர்~’ வைத்து ரம்பப்பல் அலை எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 3000 ஹெர்ட்ஸ் அலையின் 15ஆவது ஹார்மோனிக் (15 மடங்கு அதிர்வெண்) 45,000 ஹெர்ட்ஸ். 44,100இல் அது மடங்கி 900 ஹெர்ட்ஸாகக் கீழே கேட்கும். எந்த ஃபில்டரும் அதைப் பின்னால் எடுக்க முடியாது. 44,100இல் பதிந்த கோப்பை 48,000இல் ஓடும் பேட்சில், சேமித்த ஒலியை ஓட்டும் ‘டேப்பிளே~’ வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் ஏறிப்போகும்.

வாசித்துப் பார்க்கும்போது ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சாதாரணம். பேட்சில் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒயர் ஹெட்போன் போட்டு, ஆடியோ செட்டிங்கில் தாமத எண்ணை ஒலி வெட்டுப்படும் வரை குறைத்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். எந்தப் பெட்டி எதற்கு என்று சந்தேகம் வந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஹெல்ப் திறங்கள்; அதுவும் ஓடுகிற பேட்ச்தான், வேண்டிய துண்டை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்.