மதேராஸ் எரிமலை ஏரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நிகராகுவா ஏரியின் நடுவே ஓமெதெபே என்றொரு தீவு, அதில் இரண்டு எரிமலைகள். கொன்செப்சியோன் இன்னும் உயிரோடு இருக்கிறது, மதேராஸ் எப்போதோ அணைந்துவிட்டது, அதன் வாய்க்குள்தான் அந்தச் சின்ன ஏரி. அணைந்த மலை, 1,394 மீட்டர்தானே என்று லேசாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. தீவின் கரையே கடல்மட்டத்துக்கு 30 மீட்டர் சொச்சம்தான் மேலே இருக்கிறது, அதனால் மலையடியில் இருக்கும் பல்கூவே ஊர்ப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கிளம்பினாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். போய்வர ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

எல்லாரையும் படுத்துவது சேறு. கீழே வாழையும் காபியும், பழங்காலச் செதுக்கல்கள் உள்ள பாறைகளுமாக வழி நன்றாகவே இருக்கும். மேலே மேகக் காட்டுக்குள் நுழைந்ததும் கோடையிலும் ஈரம் காயாது, நாற்றங்காலில் நடப்பது மாதிரி கால் புதையும். ஷூ அழுக்காகிவிடுமே என்று வேர் மேல் வேராகத் தாவிப் போகிறார்கள், அங்கேதான் விழுகிறார்கள். நனைந்த வேர் வழுக்கும், சேற்றிலேயே காலை ஊன்றுங்கள். தேய்ந்த ஷூ வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் போனும் பைக்குள் இருக்கட்டும், மரத்தைப் பிடித்து ஏற இரண்டு கையும் வேண்டும்.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். அது கட்டாயம், தனியாக ஏறி உயிரை விட்டவர்களும் உண்டு. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், விடாமல் பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1996இல் இதே மலைச்சரிவில் மண் சரிந்து கீழே இருந்த கிராமத்தில் ஆறு பேர் இறந்தார்கள்.

விளிம்பைத் தொட்டதும் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். ஏரிக்கு உள்பக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும், திரும்ப அதே சரிவில் ஏறவும் வேண்டும், அதற்கும் தெம்பு மிச்சம் வையுங்கள். உச்சியிலிருந்து தீவு முழுக்கத் தெரியும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான், பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும்.

அப்புறம், ஒன்பது மணிக்குக் கிளம்புவது. ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். காலை ஆறு, ஏழுக்குள் ஏறத் தொடங்குங்கள். அன்று மாலையே மொயோகல்பாவில் படகு பிடிக்கலாம் என்று திட்டம் போட வேண்டாம், துறை தீவின் மறுகோடியில் இருக்கிறது.