மாதக்கணக்கில் வேலை செய்யும் ஜெல் ஊசி: எங்கெல்லாம் தவறுகிறோம்

மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று போடும் ஜெல் ஊசிகளை வழக்கமான ஊசி மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. வழக்கமான ஊசியில் மருந்து உள்ளே போனதும் வேலை முடிந்தது. இதில் உள்ளே போனபிறகுதான் மருந்துக் கிடங்கே உருவாகிறது.

எலிகார்டை எடுத்துக்கொள்வோம். புராஸ்டேட் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் லூப்ரோலைடு ஊசி இது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-ல் அனுமதித்தது. பி.எல்.ஜி.ஏ. வகைப் பாலிமரை (உடம்பில் தானே சிதையும் பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்) என்.எம்.பி. என்ற கரைப்பானில் கரைத்து வைத்திருப்பார்கள். தோலுக்கு அடியில் போனதும் கரைப்பான் சுற்றியுள்ள திசுக்களுக்குள் போய்விடும், உடம்பு நீர் உள்ளே புகும், பாலிமர் இறுகிக் கெட்டியாகி மருந்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது வாரக்கணக்கில் கரையக் கரைய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பாலிமரும் லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் என்று உடைந்து உடம்பிலேயே கழிந்துவிடுவதால் எதையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

அதிகம் தவறு நடக்கும் இடம் கலக்குவது. இரண்டு சிரிஞ்சு பேக்கில் ஒன்றில் பாலிமர், இன்னொன்றில் மருந்துத் தூள் இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விட்டு, இரண்டையும் இணைத்து, சுமார் 45 விநாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளிக் கலக்க வேண்டும். குலுக்கினால் போதாது என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. கலந்தபின் 30 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும், தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை லூப்ரோலைடு டிப்போ (மருந்தைக் கிடங்காக வைக்கும்) ஊசிகளைக் கையாள்வதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்து, எலிகார்டில் படிகள் அதிகம் என்பதால் இதைவிட எளிய கருவிக்கு மாற வேண்டும் என்று நிறுவனத்தைக் கேட்டது. அதனால் நர்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் "சீக்கிரம் போட்டு விடுங்க சிஸ்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நாம் அவசரப்படுத்தக் கூடாது. மருந்து அறை வெப்பத்துக்கு வரும் அந்த அரை மணி நேரமும் சிகிச்சையில் சேர்த்திதான். கலக்கும்போது சிந்தியது, பாதிதான் போனது என்று தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

வெயில் காலத்தில் மருந்துக் கடையிலிருந்து வாங்கி வரும்போது கெட்டுவிடுமே என்று பயந்து வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லியிருப்பது 2 முதல் 8 டிகிரி, அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. உறையவிடாதீர்கள். ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் முக்குவதும் வேண்டாம்.

ஊசி போட்டதும் பஞ்சை வைத்து நன்றாகத் தேய்ப்பது நம் ஊரில் கை வந்த பழக்கம். இந்த ஊசிக்கு அது ஆகாது. உள்ளே இப்போதுதான் இறுகிக்கொண்டிருக்கும் பொருளைத் தேய்ப்பதும் பிசைவதும் ஒத்தடம் கொடுப்பதும் அதன் வடிவத்தைக் கலைக்கும், மருந்து வெளியாகும் வேகம் மாறலாம். அதே காரணத்துக்காக பெல்ட்டோ இறுக்கமான இடுப்புப் பட்டியோ அழுத்தும் இடத்தில் போடக் கூடாது. வேட்டி, கைலி கட்டுகிறவர்கள் முடிச்சு எங்கே விழும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றவும் வேண்டும்.

போட்ட இடத்தில் சிறிது நேரம் எரிச்சல் இருக்கும், சின்ன உருண்டை மாதிரி கைக்குத் தட்டுப்படலாம். புற்றுநோய்க்காரர் வயிற்றில் ஏதோ தட்டுப்பட்டால் வீடே கலங்கிப் போகும், அது இயல்பு. பெரும்பாலும் அது மருந்துக் கிடங்குதான், நாளாக ஆகச் சிறுக்கும். சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

செலவைக் குறைக்க 'ஆறு மாத ஊசியைப் பாதி பாதியாகப் போட்டால் என்ன?' என்ற கேள்வி எழும். போடவே கூடாது. பாலிமரின் இரண்டு கூறுகளான லாக்டைடும் கிளைகாலைடும் 7.5 மில்லிகிராம் மாத ஊசியில் 50-க்கு 50, மூன்று மாத 22.5-லும் நான்கு மாத 30-லும் 75-க்கு 25, ஆறு மாத 45-ல் 85-க்கு 15. லாக்டைடு கூடக் கூட பாலிமர் மெதுவாகச் சிதையும். பொருளே வேறு, அளவு மட்டும் வேறு அல்ல. பாதியைப் போட்டால் மூன்று மாத ஊசி கிடைக்காது, குறைந்த மருந்தை இன்னும் மெதுவாகக் கசியவிடும் ஒன்றுதான் கிடைக்கும்.

முதல் ஊசிக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்கு முன் சில நாள் ஏறும். எலும்பு வலி கூடலாம், சிறுநீர் அடைக்கலாம். இதைத் தடுக்கத்தான் டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யாமல் தடுக்கும் பைகாலுட்டமைடு போன்ற மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பார்கள். ஊசிதான் போட்டாச்சே என்று அந்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள். முதுகுத்தண்டுக்குப் பரவியிருப்பவருக்குக் கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ அது அவசர நிலை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் முழுதாக இறங்க மூன்று நான்கு வாரம் பிடிக்கும், அதற்குள் 'மருந்து கேட்கவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த ஊசித் தேதி தள்ளிப் போனால் அளவு மறுபடி ஏறலாம், அதனால் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லா ஜெல்லும் ஒன்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எலிகார்டுக்குத் தோலைக் கூட்டிப் பிடித்துக் குத்துவார்கள். அக்ரோமெகலிக்கும் (வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகிக் கை, கால், முகம் பெருக்கும் நோய்) சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருபவை) போடும் லான்ரியோடைடு ஜெல்லுக்குத் தோலை விரித்துப் பிடித்து, புட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில் ஆழமாக, சுமார் 20 விநாடி எடுத்து மெதுவாகத் தள்ள வேண்டும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறலாம்.

ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கத்திலிருந்து மீட்க அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற சப்ளோகேடு என்ற புப்ரினார்ஃபின் ஊசியும் இதே முறைதான். ரத்தக் குழாயில் ஏறினால் அங்கேயே இறுகி அடைத்து உயிருக்கு ஆபத்தாகும், அதனால் அதை நோயாளி கையிலேயே கொடுப்பதில்லை. தொடர்ந்து போட்டுக்கொண்டவருக்கு நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் மருந்து உடம்பில் இருக்கும். எனவே கடைசி ஊசி எப்போது, எந்த ஜெல், எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டைப் பர்ஸில் வைத்திருங்கள். விபத்திலோ ஆபரேஷனிலோ மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான், கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.