காடி (கார்) இல்லையா? 5 கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வீடு பாருங்கள்

23 வருடம் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டியவன் நான். எந்த நேரத்தில் எந்தச் சாலையில் ஜேம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண் அழுத்த நோயில் பக்கவாட்டுப் பார்வை குறைந்துபோய், காடிச் சாவியை மாட்டிவைத்த மறு வாரம் மார்க்கெட்டுக்கு நடந்து கிளம்பினேன். மாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற மார்க்கெட்தான். போய்ச் சேர 25 நிமிடம் ஆனது. நடுவில் இருந்த பெரிய சாலையில் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறேன். அதை எங்கே கடப்பது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அதற்கப்புறம்தான் மனைவியும் நானும் கோலாலம்பூரிலேயே செந்தூல் பகுதிக்கு மாறினோம். போன வருடம் மகளும் மருமகனும் வீடு தேடினார்கள். அவர்களுக்கும் காடி வேண்டாமாம். தவணை, பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டி, அதில் பாதியை வாடகையில் சேர்த்தாலே நல்ல இடம் கிடைக்கும் என்று மருமகன் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். இடம் பார்க்கத்தான் இருவருக்கும் தெரியவில்லை.

மகள் முதலில் காட்டிய கொண்டோ (அடுக்குமாடி வீடு) விளம்பரத்தில் 'எல்ஆர்டிக்கு 400 மீட்டர்' என்று இருந்தது. எல்ஆர்டி என்பது நகர ரயில். "அஞ்சே நிமிஷம்ப்பா" என்றாள். நேரில் போனோம். வரைபடத்தில் கோடு இழுத்தால் 400 மீட்டர்தான். ஆனால் கொண்டோவின் வாசல் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தது. வேலியைச் சுற்றி, நடைபாதையே இல்லாத ஒரு வளைவில் லோரிகளோடு ஒட்டி நடந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, ஒரு பெட்ரோல் நிலையத்தைத் தாண்டினால் ஸ்டேஷன். 19 நிமிடம். மகள் ஒன்றும் பேசவில்லை. செருப்பில் சேறு.

எனவே முதல் வேலை: வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஸ்டேஷனில் இருந்து அந்த வாசல்வரை நடங்கள். முகவர் காடியில் ஏற்றிக்கொள்கிறேன் என்பார், ஏறாதீர்கள். மதியம் 2 மணிக்குப் போங்கள். கையில் 5 கிலோ அரிசிப் பை இருக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெறுங்கையோடு நடந்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். சுமை இருந்தால்தான் நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, கால்வாய் மூடி எங்கே உடைந்திருக்கிறது, சாலைச் சமிக்ஞை விளக்கு மாற எத்தனை நிமிடம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். என் மனைவி இந்தச் சோதனையில் மூன்று வீடுகளைக் கழித்துக்கட்டினாள். அரிசி மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இரண்டாவது நடை, சாயங்காலம் 5 மணி மழையில். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகல் மழை எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூரை போட்ட நடைபாதை ஸ்டேஷன் வாசலோடு முடிகிறதா, கடைவரிசைவரை வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை அங்கே இருக்கும் ஒட்டுக்கடைக்காரரிடம் ஒரு தே ஓ குடித்துக்கொண்டே கேட்டுவிடலாம். முகவர் சொல்லாததை அவர் சொல்வார்.

மூன்றாவது நடை இரவு 10 மணிக்கு மேல். ரயில் ஏறக்குறைய நள்ளிரவுவரை ஓடுகிறது. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை கடைசி ரயிலில் வந்தால் அந்தப் பாதையில் வெளிச்சம் உண்டா, ஒரு மாமாக் கடையாவது (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) திறந்திருக்கிறதா? பையைச் சாலைப் பக்கம் மாட்டாமல் உள்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். மோட்டாரில் வந்து பறிப்பவன் சாலைப் பக்கத்தில் இருந்துதான் வருவான்.

ஸ்டேஷன் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். பங்சார் எல்ஆர்டியில் இறங்கி, பங்சார் பாரு கடைகள் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து நின்றவர்களை எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். ஸ்டேஷன் கீழே, கடைகள் மேட்டில். யுனிவர்சிட்டி ஸ்டேஷனில் இறங்கினாலும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் போக பஸ் பிடிக்க வேண்டும். காஜாங் எம்ஆர்டி (இதுவும் நகர ரயில்தான்) தடத்தில் செராசைத் தாண்டிப் போகும் ஸ்டேஷன்கள் பல நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கின்றன. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று: ஸ்டேஷன் வேலைக்குப் போக. சாப்பிட, மருந்து வாங்க, முடி வெட்ட ஸ்டேஷன் உதவாது. நான் பார்க்கச் சொல்வது எழுபது, எண்பதுகளில் கட்டிய பழைய தாமான்களை, அதாவது குடியிருப்புப் பகுதிகளை. வீடுகளுக்கு நடுவிலேயே இரண்டு மாடிக் கடைவரிசை இருக்கும். கீழே கிளினிக், மளிகை, காப்பிக் கடை, முன்னால் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைவழி. வெயிலும் மழையும் படாமல் பத்துக் கடை தூரம் நடக்கலாம். (அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், சிலர் மோட்டாரையும் அங்கேயே நிறுத்துவார்கள். எனக்கு ஓரப் பார்வை இல்லாததால் இரண்டு தடவை கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன்.) புதிய கொண்டோக்களில் முதல் ஏழெட்டு மாடி பார்க்கிங்தான். முட்டை வாங்கக்கூட லிஃப்ட் இறங்கி, காவலர் தடுப்பைத் தாண்டிப் போக வேண்டும்.

நம்மவர்கள் முதலில் கேட்பது பிரிக்பீல்ட்ஸ். நடக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை என்பேன். எல்ஆர்டி, கொமுட்டர் (புறநகர் ரயில்), மோனோரயில் எல்லாம் கேஎல் சென்ட்ரலில். எம்ஆர்டிக்கு மூசியம் நெகாரா ஸ்டேஷன்வரை நடைவழி இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையில் பூ, வாழையிலைச் சாப்பாடு, புடவை, மளிகை எல்லாம் கிடைக்கும். கந்தசுவாமி கோயில் ஸ்காட் சாலையில். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். காடி ஓட்டிய காலத்தில் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் கால் அவற்றைத் தேடுகிறது. வாடகைதான் நமக்கு எட்டாது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலும் அப்படித்தான். எம்ஆர்டி உண்டு, நல்ல மார்க்கெட் உண்டு, நடக்கச் சுகம், வாடகை சுடும்.

செந்தூலில் எங்கள் ஃபிளாட் பழசு, லிஃப்ட் அடிக்கடி மக்கர். ஆனால் எல்ஆர்டி நடக்கிற தூரத்தில். தித்திவங்சாவில் மாறி எம்ஆர்டியில் ஒரு ஸ்டேஷன் போனால் கோலாலம்பூர் மருத்துவமனை. என் கண் சிகிச்சைக்கு அதுதான் வழி. மீன் வாங்க மனைவி ரயில் மாறாமல் பூடு ஸ்டேஷன்வரை போய் அங்கிருந்து பூடு மார்க்கெட்டுக்கு நடக்கிறாள். தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளியும் செந்தூலில்தான், பேரப்பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். கொமுட்டரும் இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் ஆகலாம். கொமுட்டரை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள்.

எம்ஆர்டி ஸ்டேஷன்களில் இருந்து கிளம்பும் 'டி' (T) நம்பர் பஸ்களைப் பற்றியும் அதையே சொல்வேன். பஸ் வந்தால் சொர்க்கம். ஒரு நாள் நின்று, உண்மையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. மலேசியக் குடிமக்களுக்கு மை50 பாஸ் உண்டு: 50 வெள்ளி (ரிங்கிட்), 30 நாள், ராபிட் கேஎல் ரயிலும் பஸ்ஸும் எத்தனை தடவை வேண்டுமானாலும். கொமுட்டர் அதில் சேராது. எனக்கு 60 தாண்டியதால் பாதிக் கட்டணம், அதுவே போதும். வீட்டுக்காரரிடம் பேசும்போது, உங்களுக்குக் காடி இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பார்க்கிங் இடத்தை அவரே வேறு குடித்தனக்காரருக்கு விட்டுக்கொண்டு வாடகையில் கொஞ்சம் குறைக்கலாம். மகளுக்கு 100 வெள்ளி இப்படித்தான் குறைந்தது. இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாதக் காசு கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் அவர்கள் எடுத்தது தாமான் மாலூரியில். பழைய தாமான், ஜாலான் ஜெஜாக்காவில் கடைவரிசை, எல்ஆர்டியும் எம்ஆர்டியும் சந்திக்கும் ஸ்டேஷன். மகளின் வேலை டிஆர்எக்ஸ் என்கிற நிதி நிறுவன வட்டாரத்துப் பக்கம், எம்ஆர்டியில் இரண்டாவது ஸ்டேஷன். வெயில், மழை, இரவு மூன்று நடையும் நடந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நான் இந்த இடத்துக்குத் தலையாட்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை மகளிடம் சொல்லவில்லை. செந்தூலில் ஏறினால் அம்பாங் தட எல்ஆர்டி ரயில் எங்கேயும் மாறாமல் நேராக மாலூரிக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவி மீன்குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.