ஹீட்டான இன்ஜின் ஆயில் குடிக்கிறதா? பிரிக்கும் முன் நடக்கும் தவறுகள்

போன கோடையில் ஒரு பெட்ரோல் கார் என் பட்டறைக்கு வந்தது. ஏற்காடு மலையில் பாதி வளைவு ஏறும்போது ஹீட்டாகியிருக்கிறது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் வேறொரு இடத்தில் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றி, அதன் முகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸிங்), ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். வண்டி ஓடுகிறது, ஆனால் ஆயில் நிற்கவில்லை. ஒருவர் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருக்கும் என்றாராம், இன்னொருவர் வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் என்றாராம், மூன்றாவது ஆள் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னாராம். யாருமே அளந்து பார்க்கவில்லை.

அதுதான் முதல் தவறு. “ஆயில் குறையுது” என்பதை வைத்து இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில், அதே மாதிரி பாருங்கள். 200 மில்லி குறைந்தால் அது வேறு கதை, ஒரு லிட்டர் குறைந்தால் வேறு கதை. இடையில் 200 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கத் தவறாதீர்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு ஆயில் அளவைச் சொல்வதில்லை, பிரஷரைத்தான் சொல்கிறது. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே அடி வாங்கத் தொடங்கியிருக்கும்.

குறைகிற ஆயில் எல்லாம் எரிகிறது என்று நினைப்பது அடுத்த தவறு. ஹீட்டான இன்ஜினில் ரப்பர் எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். வால்வ் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல் வழியாக ஆயில் கசிந்து, சூடான சைலன்சர் பைப்பில் பட்டுக் காய்ந்துவிடும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. இன்ஜினைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினின் அடியில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வையும் கழற்றிப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டாலோ திறந்தபடி நின்றுவிட்டாலோ ஆயில் நேராக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போகும். விலை குறைந்த சாமான் அது. அதை மாற்றாமல் ரிங் வேலை செய்தவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

புகையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் நிறைய. வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து கூலண்டும் குறைந்தால் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும், நீலப் புகை என்றால் ஆயில். அது சரிதான். ஆனால் புகை எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலைச் சந்தேகப்படலாம். மலையிலிருந்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கிவிட்டு, கீழே வந்து மிதிக்கும்போது புகைந்தாலும் பெரும்பாலும் வால்வ் சீலோ, வால்வ் தண்டு ஓடும் கைடோதான். லோடில் ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங். புகையே தெரியவில்லை என்பதற்காக ஆயில் எரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில் ஓரளவு ஆயில் கண்ணுக்குத் தெரியாமலே எரிந்து போகும், கன்வர்ட்டரையும் மெல்லக் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் அதிகம் பேரைக் குழப்புவது, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஏற்காடு வண்டியிலும் அதுதான் நடந்தது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கிட்டத்தட்ட 12 பார் இருந்தது. “கம்ப்ரஷன் நல்லா இருக்கு, அதனால ரிங் நல்லா இருக்கு, வால்வ் சீலைத்தான் மாத்தணும்” என்று ஏற்கெனவே ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். பிஸ்டனில் பொதுவாக மூன்று ரிங் இருக்கும். மேலே உள்ள இரண்டும் கம்ப்ரஷனைப் பிடிப்பவை. மூன்றாவது ஆயில் ரிங், சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவதுதான் அதன் வேலை. ஆயில் ரிங் முழுக்கச் செத்துப்போனாலும் கம்ப்ரஷன் மீட்டர் அதைக் காட்டாது. சிலிண்டரில் நிற்கும் ஆயிலே இடைவெளியை அடைத்து, அளவைக் கூட்டிக்காட்டவும் செய்யும். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும் டெஸ்ட்டும் மேல் ரிங்குகளைப் பற்றித்தான் சொல்லும்.

அதனால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஓரத்து இரண்டும் காய்ந்த பழுப்பு நிறம். நடுவில் இருந்த இரண்டும் கறுப்பாக, விரலில் ஒட்டும் ஈரத்தோடு. நடு சிலிண்டர்களுக்கு இரண்டு பக்கமும் சூடு. அப்புறம் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டேன். பிஸ்டனின் மேல் முகம் முழுக்கக் கரி, ஆனால் ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி பளபளவென்று அலுமினியம் தெரிந்தது. கீழிருந்து ஏறும் ஆயில் அந்த இடத்தைக் கழுவிவிடுகிறது. வால்வ் சீல் வழியாக ஆயில் வந்திருந்தால் இன்டேக் வால்வின் முதுகில் ஈரக் கரி கட்டியிருக்கும். அது இல்லை.

பிரித்தபோது ஆயில் ரிங்கின் காடியில் கரி இறுகி, ஆயில் வடியும் துளைகள் அடைத்திருந்தன. ரிங் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் தகட்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். புதியது விரலை எதிர்த்து நின்றது, பழையது சொன்னபடி வளைந்தது. சூட்டில் விறைப்பு போய்விட்டது. வண்டிக்காரரின் கையில் இரண்டையும் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

ஹெட் கேஸ்கெட் மாற்றினால் ஆயில் எரிவது நின்றுவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. கேஸ்கெட் போனால் பெரும்பாலும் குறைவது கூலண்ட். ஆயில் எரிவதற்கு அது காரணமாவது அபூர்வம். ஆனால் ஹெட் எப்படியும் வெளியே வருகிறது என்றால் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். வால்வ் சீல் புதிதாகப் போடுங்கள், கைடில் ஆட்டம் பாருங்கள், நேர்ச்சட்டத்தை வைத்து ஹெட்டையும் பிளாக்கின் மேல் முகத்தையும் ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர் கோணலே எல்லை, உங்கள் இன்ஜினின் மேனுவலில் சொன்னதுதான் கணக்கு. சிலிண்டர் சுவரில் ஆயிலைப் பிடித்துவைக்கும் ஹோனிங் கோடுகள் இருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். இந்த வண்டியில் ஹெட்டைக் கழற்றியவர்கள் ஃபேஸிங்கோடு நிறுத்திவிட்டார்கள். வண்டிக்காரர் அதே கூலியை இரண்டு முறை கொடுத்தார்.

மெல்லிய 5W-30 ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20W-50 ஊற்றுவது குறைச்சலைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். நுண்ணிய ஆயில் வழிகளில் கெட்டி ஆயில் காலையில் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

கடைசியாக, வண்டி முதலில் ஏன் ஹீட்டானது? அதைத் தேடாமல் விட்டால் புது ரிங்கும் அதே கதிக்கு வரும். இந்தக் காரின் ரேடியேட்டரில் பாதி டியூபுகள் உப்புக் கட்டி அடைத்திருந்தன. வருடக்கணக்கில் போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். சமவெளியில் சமாளித்தது, மலை ஏற்றத்தில் முடியவில்லை. தண்ணீர் முழுக்கப் போனபின் ஹீட் முள் இறங்கியதாம், “சரியாயிடுச்சு” என்று நினைத்துத்தான் ஓட்டினார்களாம். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும். அது சட்டென்று இறங்கினால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

வேலை முடித்துக் கொடுத்த மூன்றாம் நாள் அவர் பதறிப்போய்ப் போன் செய்தார், இன்னும் புகை வருகிறது என்று. சைலன்சருக்குள் ஊறிப்போன பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும், இன்னும் ஒரு நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்றேன். 1000 கிலோமீட்டர் முடிந்ததும் பட்டறைக்கே வந்து, என் எதிரிலேயே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கியிருந்தது.