ஓவல், பேர் (pear, பேரிக்காய் ஷேப்) வைரம் வாங்கறீங்களா? ரிப்போர்ட்ல இருக்கற அளவை இப்படி படிங்க

ஜிஐஏ (வைரத்தை சோதிச்சு தரம் சொல்ற அமெரிக்க நிறுவனம்) ரிப்போர்ட்ல ஓவல், பேர், எமரால்டு மாதிரி ஷேப்புக்கு 8.40 × 6.00 × 3.72 மிமீன்னு போட்டிருப்பாங்க, அது நீளம், அகலம், உயரம். நீளத்தை அகலத்தால வகுத்தா 1.40, இந்த ரேஷியோவை நாமதான் கணக்கு போட்டு பாக்கணும். டெப்த் 62%னா உயரத்தை அகலத்தால வகுத்தது, நீளத்தால இல்ல, டேபிள் (கல்லு மேல இருக்கற தட்டையான முகம்) சதவீதமும் அகலத்தை வச்சுதான். ரவுண்டுக்கு இருக்கற கட் கிரேடு (எவ்வளவு நல்லா வெட்டியிருக்காங்கங்கற மதிப்பீடு) இதுக்கெல்லாம் ஜிஐஏ குடுக்கறதில்ல, அதனால பாலிஷ், சிமெட்ரி ரெண்டும் எக்ஸலன்ட்னு பாத்துட்டு கல்லு சூப்பரா மின்னும்னு முடிவு பண்ணிடாதீங்க. கர்டில் (கல்லைச் சுத்தி இருக்கற ஓர விளிம்பு) 'எக்ஸ்ட்ரீம்லி திக்'னு இருந்தா ரொம்ப உஷாரா இருங்க, வெயிட்டெல்லாம் ஓரத்துல போயிடும், கேரட்டுக்கு காசு குடுத்தும் மேல இருந்து பாத்தா கல்லு சின்னதாதான் தெரியும். ஓவல்ல நடுவுல போ டை (bow tie) மாதிரி கருப்பா விழற நிழல் எந்த நம்பர்லயும் தெரியாது, கல்லு அசையற வீடியோ கண்டிப்பா கேளுங்க.