புதுக் கணக்காளரா? முதலில் கடைக்குப் போங்கள்

சோதனை பாஸ் பண்ணி, பயிற்சியும் முடித்து, திருகோணமலையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், முதல் மாதத்திலேயே வாடிக்கையாளர்களின் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அலுவலகத்துக்கு வருகிறவர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். கடையில் போய் உட்கார்ந்தால் கடன் கொப்பி தெரியும், பின்பக்கத்து ஸ்டோர் தெரியும், மகளின் டியூஷன் காசும் மீன் காசும் காசு லாச்சியிலிருந்தே போவதும் தெரியும். அப்போது, முதலாளி சொந்தச் செலவுக்கு எடுக்கும் காசை "எடுப்பனவு எவ்வளவு?" என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி கேட்காதீர்கள். "வீட்டுச் செலவுக்குக் கடைக் காசா, வங்கிக் காசா அண்ணா?" என்று கேளுங்கள். கிண்ணியாவில் என்றால் "அண்ணா" இல்லை, "நானா". மரியாதையாகக் கேட்டால் யாரும் மறைப்பதில்லை, பெரும்பாலும் இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, தொழிலின் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு வெள்ளைக்காரர் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. வரி ஆண்டோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, வருமான வரியைத் தவணையாகக் கட்டும் நாட்கள் ஓகஸ்ட் 15, நொவெம்பர் 15, பெப்ரவரி 15, அப்புறம் மே 15. ஓகஸ்டில் விடுதிக்காரர் கையில் காசு புழங்கும், சிரமமில்லாமல் கட்டிவிடுவார். நொவெம்பரில் மழை, அறையெல்லாம் காலி, அதே மாதம் 30ஆம் திகதி வருமான வரி அறிக்கையும் கொடுக்க வேண்டும், பெப்ரவரியிலும் நிலைமை பெரிதாக மாறாது. அதனால் ஜூலையிலேயே போன் பண்ணி, வரிக் காசைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். முன்பதிவுத் தளங்களில் சில கமிஷனைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வங்கிக்கு அனுப்பும், ஆகவே வங்கிக்கு வந்ததை மட்டும் வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். விருந்தாளி கட்டிய முழுத் தொகைதான் வருமானம், கமிஷன் செலவு.

சம்பளப் பக்கத்தில் சண்டை வருவது ஊழியர் சேமலாப நிதியில்தான். வேலைக்கு நிற்பவரைப் பற்றி "நம்மட பெடியன்தானே, அதெல்லாம் எதுக்கு?" என்பார்கள் முதலாளிமார். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: சம்பளம் 40,000 என்றால் பெடியனிடம் 8 வீதம், 3,200 கழிக்க வேண்டும், முதலாளி 12 வீதம், 4,800 போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,200. பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றன்" என்று சொல்லி, சொன்னபடி மறுநாளே சொல்லுங்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள், பிறகு "நீங்கதானே சொன்னீங்க" என்று வராது.

இது சின்ன ஊர். ஒரே வீதியில் இருக்கும் இரண்டு ஹார்ட்வெயார் கடையும் உங்கள் வாடிக்கையாளராக இருக்கலாம், கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ "அவருக்கு வியாபாரம் எப்படி?" என்று கட்டாயம் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், "நல்லாப் போகுது" என்றுகூடச் சொல்ல வேண்டாம்.