எடை குறையும்போது தசையைக் காப்பது எப்படி: வேலூர் வட்டார வீடுகளுக்கான வழிமுறை

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை நான் அத்தை என்றே அழைப்பேன். சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்த வார ஊசியை அவர் ஆறு மாதம் போட்டுக்கொண்டார். எட்டு கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த நாளில் அவர் என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "எட்டு கிலோ எறங்கிச்சுப்பா, சந்தோஷந்தான். ஆனா தரையில உட்கார்ந்தா எழுந்திருக்கறதுக்குச் சுவரைத் தேட வேண்டியிருக்கு." இயன்முறை சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் இந்தச் சொற்களை நான் அண்மைக் காலமாகப் பலரிடம் கேட்டு வருகிறேன். எடை இயந்திரம் மொத்த எடையைத்தான் காட்டும். போனது கொழுப்பா தசையா என்பதை அது சொல்லாது. போவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய வார ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடு மருந்தைப் பற்றி 2021இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையின் 14.9 விழுக்காடு குறைந்தது. அதில் பங்கேற்ற 140 பேருக்கு உடற்கூறு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பல்லாத பகுதி என்று தெரிந்தது. டிர்செபடைடு என்ற மற்றொரு வார ஊசியின் ஆய்வில் இப்பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருந்தது. கொழுப்பல்லாத பகுதி முழுவதும் தசை அன்று; நீரும் உள்ளுறுப்புகளும் அதில் அடங்கும் என்பதால் இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஊசியே இல்லாமல் பட்டினி கிடந்து எடை குறைத்தாலும் தசை குறையத்தான் செய்யும். ஆனால் இளவயதிலிருந்தே தசை குறைவாக உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இழப்பதற்கு அதிக இருப்பு இல்லை.

இதை எளிதாக விளக்கும் ஒரு ஒப்பீடு 2004இல் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் (கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரு முறை வகுத்து வருவது) ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறுமாக நம் ஊர்க் கடைவீதியில் நாள்தோறும் நாம் காணும் உடல்வாகுக்கு இதுவே விளக்கம். இந்தியர்களுக்கு இக்குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்று கொள்வதும், ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை வகுத்திருப்பதும் இதனால்தான்.

தசை என்பது கைகாலை அசைக்கும் கயிறு மட்டுமன்று. சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் உந்துதலால் இரத்தத்திலிருந்து சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு அதுதான். அது மட்டுமின்றி, சுருங்கி வேலை செய்யும்போது தசை தானே சில வேதிச் செய்திகளை இரத்தத்தில் விடுகிறது என்று டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே பெடர்சனும் அவருடைய குழுவினரும் காட்டி, 2003இல் அவற்றுக்கு மயோகைன் என்று பெயரிட்டார்கள். கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரப்பது 1994இல் தெரிய வந்தது போலவே, தசையையும் ஒரு சுரப்பு உறுப்பாகப் பார்க்கும் பார்வை இப்படித்தான் வலுப்பெற்றது.

முதலில் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எடை குறைப்பது எல்லோருக்கும் உரியதன்று. நம் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே போதிய உணவின்றி ஒல்லியாக வளர்ந்து, ஒல்லியாக இருக்கும்போதே நீரிழிவு வந்தவர்கள் இருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் தத்தம் குழுவினருடன் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்கு முதன்மைக் குறை இன்சுலின் போதிய அளவு சுரக்காததே தவிர, சுரந்த இன்சுலின் வேலை செய்யாதது அன்று எனக் காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என ஏற்றுக்கொண்டது. உலகம் ஏற்ற இந்த உண்மைக்குப் பின்னால் நம் ஊர்ப் புறநோயாளர் வரிசையில் காத்திருந்த ஏழை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதை நான் பெருமையோடும் வருத்தத்தோடும் நினைப்பதுண்டு. உங்கள் குறியீட்டெண் 19க்கும் கீழே இருந்து சர்க்கரையும் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் சோற்றை நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் இந்த வகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மற்றவர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு நான்கு அளவுகளை எழுதுங்கள். முதலாவது, இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், புடவைக் கொசுவத்தையும் வேட்டி மடிப்பையும் விலக்கிவிட்டு அளக்க வேண்டும். அது உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு: ஆசிய ஆய்வுக் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்கலாம். கால் வீங்கியிருப்பவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இந்த அளவு ஏமாற்றும். ஆகவே மூன்றாவதை நான் மிகவும் நம்புகிறேன்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்க்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் திறன் குறைந்துவிட்டது என்பது அதே குழுவின் அளவுகோல். நான்காவதாக எடையை எழுதுங்கள். அதை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அத்தைக்கு அன்று 17 வினாடி ஆனது. நான்காவது முறை எழும்போது அவருடைய வலக்கை தானாகவே முழங்காலைத் தேடிப் போனது. அதைப் பார்த்துவிட்டு அவரே கையை மீண்டும் மார்பில் வைத்துக்கொண்டார்.

புரதம்: களியோடு எதைச் சேர்ப்பது

நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானபோது, இந்தியர்கள் தம் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்றும், புரதம் போதவில்லை என்றும் அது சுட்டியது. நம் பக்கத்தில் களி வலிமை தரும் என்ற நம்பிக்கை உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பது உண்மை. ஆனால் நூறு கிராம் மாவில் புரதம் ஏழு கிராம் அளவே உள்ளது. வலிமை தருவது களியோடு வரும் குழம்புதான். கொள்ளு, காராமணி, மொச்சை, கருவாடு, நாட்டுக்கோழி ஆகியவற்றில் ஒன்று தட்டில் தாராளமாக இருந்தால் அது முழு உணவு. வெறும் கீரைத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டால் அன்று.

65 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று வல்லுநர் குழு 2013இல் பரிந்துரைத்தது. எடை குறைப்பில் இருக்கும் நடுவயதினருக்கும் இதே அளவை வைத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 60 முதல் 72 கிராம். காலையில் மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், இரண்டு முட்டை என்றால் 20 கிராம் வரும். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை ஏழு கிராம் தரும். நம் மண்ணில் விளைவது, விலையும் அதிகமில்லை. மதியம் சோற்றைக் குறைத்து, நாற்பது கிராம் பருப்பில் செய்த கூட்டும் ஒரு பெரிய கிண்ணம் தயிரும் சேர்த்தால் ஏறத்தாழ 19. மாலையில் ஐம்பது கிராம் கடலையில் செய்த சுண்டல் பத்து. இரவில் மீனோ கோழியோ கொஞ்சம், சைவர்களுக்கு முப்பது கிராம் சோயா உருண்டையில் செய்த குழம்பு, 15க்குக் குறையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கடையில் விற்கும் புரத மாவு டப்பா பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை.

ஊசி போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பசியே எடுக்காது, நான்கு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆகவே தட்டில் முதலில் முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றை உண்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். கல்யாண வீட்டில் ஆம்பூர் பிரியாணி பரிமாறினால் வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. கறித்துண்டுகளையும் தயிர் வெங்காயத்தையும் முதலில் சாப்பிட்டு, பாதிச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குமட்டல் அதிகமான நாள்களில் நீர்மோர், முட்டையின் வெள்ளை, பாசிப்பருப்புக் கஞ்சி ஆகியவை வயிற்றில் தங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

தசைக்கு வேலை கொடுப்பது

புரதம் செங்கல் போன்றது. கொத்தனார் இல்லாமல் அது சுவராகாது. கோட்டை அகழியைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, உடற்பயிற்சி முடிந்தது என்று எண்ணுபவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்கிறேன். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, குறிப்பாகச் சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடப்பது. ஆனால் எடை குறையும் காலத்தில் தசையைக் காக்க நடை மட்டும் போதாது. பருமனான முதியோர் 160 பேரை வைத்து டென்னிஸ் வில்லரியல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத எடையில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 3 விழுக்காட்டை இழந்தாலும், அன்றாட உடல் திறனில் அவர்களே மற்ற இரு குழுவினரையும் விட அதிகம் தேறினார்கள்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஒரு சுற்றுக்குப் பத்து முறை செய்வது தொடைக்கு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சை அருகே கொண்டுபோய்த் தள்ளி வருவது மார்புக்கும் தோளுக்கும். தண்டாலின் முதற்படி இது. இரு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலையோ அரிசி போட்ட மஞ்சப்பையையோ பிடித்து, இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, முழங்கையைப் பின்னால் இழுப்பது முதுகுக்கு. ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். எளிதாக இருந்தால் தசைக்கு அது செய்தியே அன்று, பையில் அரிசியைக் கூட்டுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

நாள் முழுவதும் தரையில் சம்மணமிட்டு மடியில் முறத்தோடு பீடி சுற்றும் பெண்கள் நம் பகுதியில் ஏராளம். கை ஓயாமல் வேலை செய்தாலும் தொடையும் முதுகும் அசைவதே இல்லை. மாலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து நின்று ஐந்து முறை குதிகாலை உயர்த்திவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்லித் தருகிறேன். தனியே நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு வேலையோடு பின்னிய பயிற்சியே நிலைக்கிறது.

இந்த வயதில் இனி என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று: பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையிலான பத்து முதியோர் எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி செய்ததை மரியா ஃபியாட்டரோன் 1990இல் வெளியிட்டார், முடித்தவர்களின் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை உண்பவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலி, கண் விழித்திரைக் கோளாறு, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். வீட்டை விட்டு வர இயலாத முதியோருக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு; உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். கொழுப்பை மட்டும் கரைத்துத் தசையைக் காக்கும் பிமாக்ரூமாப் போன்ற மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. அப்படிப் பெயர் சொல்லி யாரேனும் இன்று விற்றால் வாங்காதீர்கள். ஊசியைத் தாமாக நிறுத்துவதும் தவறு: செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் தாம் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள் என்று 2022இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசியே ஊசியை நிறுத்த வேண்டும்; பயிற்சியை விடக் கூடாது.

அளவுகளை நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே நாற்காலியில், அதே வேளையில் எடுங்கள். எடை குறைந்து நாற்காலிக் கணக்கு நீண்டுகொண்டே போனால் எடைக் குறைப்பின் வேகம் அதிகம் என்று பொருள். அந்த நோட்டையே மருத்துவரிடம் காட்டி ஊசியின் அளவைப் பற்றிக் கேளுங்கள். அத்தையின் நோட்டில் இப்போது மூன்று பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. நோட்டைத் தொடங்கிய நாளிலிருந்து எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது, இடுப்பு நான்கு செ.மீ. குறைந்திருக்கிறது, நாற்காலிக் கணக்கு 17இலிருந்து 11 வினாடிக்கு வந்திருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு அவர் எழுந்ததைப் பார்த்தேன். ஒரு கையில் தீப்பெட்டி, மறுகையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தன.